ஏறினாலும் அடி, இறங்கினாலும் அடி!
செல்போனில் 'ஸ்ட்ராடில்' வியாபாரம்: பணம் பறிபோவது எப்படி?

தம்மம்பட்டி,-

மரச்சிற்பத்துக்குப் பேர் போன தம்மம்பட்டியில் பஸ்சுக்கு நிற்கிற நேரத்திலேயே மும்பை பங்கு சந்தையில் 'ஸ்ட்ராடில்' போட்டுவிடலாம். செல்போன் இருந்தால் போதும். பான், ஆதார், பேங்க் விவரம் கொடுத்தால் டீமேட் கணக்கு தயார். வருமானத்துக்கு அத்தாட்சி காட்டினால் 'ஆப்ஷன்' வியாபாரத்துக்கும் கதவு திறக்கும். உள்ளே போவது சுலபம். பணத்தோடு வெளியே வருவதுதான் கஷ்டம்!

இரண்டு பக்கமும் கால்

நிப்டி ஏறினால் பலன் தருவது 'கால்'. இறங்கினால் பலன் தருவது 'புட்'. இரண்டையும் ஒரே விலைக்கு, ஒரே தவணைக்கு சேர்த்து எடுப்பதுதான் ஸ்ட்ராடில்.

வாங்கியவருக்கு, சந்தை ஏதாவது ஒரு பக்கம் நன்றாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் கட்டிய பிரீமியம் போச்சு. நஷ்டம் அதோடு சரி.

விற்றவர் கதை வேறு. சந்தை அசையாமல் நின்றால் பிரீமியம் அவர் பைக்கு. ஓடினால், லாபத்துக்கு அளவு உண்டு, நஷ்டத்துக்கு அளவு இல்லை. இதற்காகத்தான் புரோக்கர் கம்பெனி 'மார்ஜின்' பணத்தை முதலிலேயே பிடித்து வைக்கிறது.

தேர்தல் நாளில் சரிவு

2024 ஜூன் 3-ந் தேதி நிப்டி 23,263-ல் முடிந்தது. அன்று ஒருவர் 23,250 விலையில் ஸ்ட்ராடில் விற்று, இரண்டுக்கும் சேர்த்து 600 புள்ளி பிரீமியம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பாராளுமன்ற தேர்தல் முடிவு. நிப்டி ஒரே நாளில் 1,379 புள்ளி சரிந்து 21,884-ல் நின்றது.

'புட்'டுக்கு மட்டும் அவர் கொடுக்க வேண்டியது 1,365 புள்ளிக்குக் குறையாது. வாங்கிய 600 போக நஷ்டம் 765. அப்போது ஒரு லாட் 25. ஆக லாட்டுக்கு 19 ஆயிரத்து 125 ரூபாய் அம்போ! பத்து லாட் போட்டவர் கதி?

பேங்கே கவிழ்ந்தது!

பெரிய ஆசாமிகளும் இதில் தப்பவில்லை. லண்டன் பேரிங்ஸ் பேங்க் 1762-ல் தொடங்கியது. அதன் சிங்கப்பூர் கிளையில் இருந்த நிக் லீசன், ஜப்பான் நிக்கி சந்தை அசையாது என்று நம்பி ஸ்ட்ராடில்களை விற்றுக் குவித்தார். 1995 ஜனவரி 17-ந் தேதி கோபே நகரில் பயங்கர பூகம்பம். சந்தை சரிந்தது. விட்டதைப் பிடிக்க மேலும் மேலும் இறங்கினார். மொத்த நஷ்டம் 82 கோடியே 70 லட்சம் பவுன். பேங்க் திவால். அதை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கியது ஐ.என்.ஜி. லீசனுக்கு ஆறரை ஆண்டு ஜெயில்!

100-க்கு 93 பேர்

2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டு கணக்கைப் பார்த்தது 'செபி'. பியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனி நபர்கள் ஒரு கோடிக்கு மேல். 100-க்கு 93 பேருக்கு நஷ்டம்! ஆளுக்கு சராசரி 2 லட்சம் ரூபாய்.

ஸ்ட்ராடில் விற்றே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சற்று தள்ளிய விலையில் ஒரு காலும் ஒரு புட்டும் கூடவே வாங்கி வைத்தால் நஷ்டத்துக்கு எல்லை கட்டலாம். லாபம் குறையும். ஆனால் வீடு மிஞ்சும்!