சித்திரத் திரையும் அதன் அடியில் இருப்பதும்

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை முதலிய ஊர்களின் அரசுப் பள்ளிகளில் மாணவர் பயிலும் கம்ப்யூட்டர்கள் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. 2001-ஆம் ஆண்டில் கேரள அரசு தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், அப்பத்தாண்டு முடிவதற்குள் இதற்கு மாறிற்று. ஒரு நாள் காலையில் படங்கள் தோன்றாமல், கறுத்த திரையில் வெண்ணிற எழுத்துக்கள் மட்டும் நிற்குமாயின், யந்திரமே பழுதாயிற்று என்று எண்ணி அதை ஒதுக்கிவிடுவது பலரது இயல்பு. பெரும்பாலும் இம்முடிவு தவறானது. காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1981-ல் வெளிவந்த டாஸ், கட்டளைகளை எழுத்தால் மட்டுமே ஏற்றது. 1985-ல் வந்த விண்டோஸ் அதன்மேல் ஏறி அமர்ந்த ஒரு நிரலே. 1992-ல் வெளியான 3.1 பதிப்பிலும் முதலில் டாஸ் எழும். உபயோகிப்பவர் 'வின்' என்று தட்டிய பிறகே படங்கள் தோன்றும். சித்திரங்களையும் சுட்டியையும் விண்டோஸ் கவனிக்க, வட்டிலுள்ள கோப்புகளைத் தேடி எடுக்கும் வேலையை டாஸ் செய்து வந்தது. 1995-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் டாஸ்தான் முதலில் எழுந்தது; ஆயினும் விண்டோஸ் கிளம்பியதும் கோப்பு வேலையைத் தானே மேற்கொண்டது. பழைய சாதனம் எதற்கேனும் டாஸ் காலத்து இயக்கி மட்டுமே இருந்தால், அதற்காக மீண்டும் டாஸை நாடும். குடியிருக்க வந்தவர் மெல்ல மெல்ல வீட்டுக்காரரான கதை இது.

1993-ல் வந்த விண்டோஸ் என்.டி.யின் அடித்தளம் முற்றிலும் வேறு. அங்கே டாஸ் நிரல்களே விருந்தாளிகள். 2001-ல் எக்ஸ்.பி. வாயிலாக அவ்வடித்தளம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதில் காணும் கறுப்புக் கட்டளைச் சாளரம் டாஸ் அன்று. தோற்றத்தில் மட்டுமே அதை ஒத்தது. ஆசிரியர்கள் பலர் இன்றும் அதை டாஸ் என்றே அழைக்கிறார்கள்.

லினக்ஸின் அமைப்பு வேறு வகையானது. 1991-ல் தோன்றிய அதன் கருநிரல் படம் வரைவதில்லை. கட்டளை வரியை நடத்துவதும் அதன் வேலை அன்று. கட்டளையைப் படிப்பது ஒரு சாதாரண நிரல். படத்திரையை அமைப்பது 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் போன்ற மற்றொரு நிரல். இவை மேலும் கீழுமாக அடுக்கியவை அல்ல. பக்கத்துப் பக்கத்துக் கடைகள் போன்றவை. ஒன்று மூடினாலும் மற்றது திறந்தே இருக்கும்.

எனவே படத்திரை எழாதபோது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால், பெரும்பாலும் எழுத்துத் திரை திறந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அதைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. உள்ளே சென்றதும் முதலில் வட்டில் இடம் மீதமுள்ளதா என்று பார்ப்பது நலம். வட்டு முற்றும் நிரம்பியதால் மட்டுமே படத்திரை வராமற் போவது உண்டு. அவ்வாறாயின் தேவையற்ற கோப்புகள் சிலவற்றை நீக்கி, யந்திரத்தை மறுபடி தொடங்கினால் போதும். வேறு பழுதாயினும், மாணவர்களின் பயிற்சிக் கோப்புகளை அங்கிருந்தே பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்ட பின்னர் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம்.