உஷார்! புகார் எழுதி வாங்கிய அன்று ராத்திரி

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து நம்ம ஆலங்குளம். இங்கிருந்து பிள்ளைகளைப் பஸ் ஏற்றிப் படிக்க அனுப்புகிற தாய் தகப்பன்மார், அவர்களுக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியர்கள், ஸ்டேஷன் ரைட்டர்கள், ஜி.எச்.சில் ராத்திரி டூட்டி பார்க்கிற டாக்டர்கள், நர்ஸுகள், டவுன் பஸ் கண்டக்டர்கள், எல்லோரும் கொஞ்சம் காது கொடுங்கள். 'என்னை அடிக்கிறாங்க சார், சாதியைச் சொல்லித் திட்டுறாங்க' என்று ஒரு பையன் புகார் எழுதிக் கொடுத்தால், 'சரி, விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். அன்று ராத்திரிதான் ஆபத்து.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நாங்குநேரியில் நடந்தது இதுதான். வள்ளியூரில் பிளஸ் 2 படித்துவந்த பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவன், கூடப் படிக்கிறவர்களின் தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்கூடமே போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். பையன் சொன்னான். எழுதி வாங்கினார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், வாங்க வேண்டியதை வாங்கினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று ராத்திரியே எதிர்த்தரப்பினர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அண்ணனைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த அந்த மாணவன் அடுத்த ஆண்டு 600-க்கு 469 மதிப்பெண் எடுத்துத் தேறியதை நாம் எல்லோரும் கைதட்டிப் பாராட்டினோம். அந்தப் புகாருக்கும் அந்த வெட்டுக்கும் நடுவில் இருந்த சில மணி நேரத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

அந்தச் சில மணி நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். எதிர்த்தரப்புக்குச் சேதி எப்படிப் போகும், எப்போது போகும்? பையனோடு வீடு வரை யார் போவது? உள்ளூர் ஸ்டேஷனுக்குச் சொல்வது யார்? நமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியராகவே இருப்பார், மாணவர்கள் மேல் உயிரையே வைத்திருப்பார். ஆனாலும் முழிப்பார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இது புதுசும் இல்லை. 1957-இல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் பணிக்கர் எல்லாத் தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானக் கூட்டம் நடத்தினார். மறுநாள் 11-ஆம் தேதி ராத்திரி பரமக்குடியில், அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த பட்டியல் சமூகத் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதன் பிறகு எரிந்தது எத்தனை ஊர் என்பது நாடறிந்த சரித்திரம். கூட்டம் போட்டது தவறில்லை. கூட்டம் முடிந்து அவரவர் வண்டி ஏறிய பிறகு என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி. அறுபத்தாறு ஆண்டு கழித்து நாங்குநேரியிலும் அதே கேள்வி பதில் இல்லாமல் நின்றது.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள்: பஸ். நம்ம பக்கத்துச் சண்டைகளில் பஸ் இல்லாத சண்டை குறைவு. 1995 ஜூலை 26-ஆம் தேதி சங்கரன்கோவில் பக்கத்து வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் தகராறு. அதிலிருந்து பற்றிய தீ ஊர் ஊராகப் பரவி, ஆகஸ்ட் 31-ஆம் தேதி கொடியங்குளத்தில் சுமார் 600 பேர் கொண்ட போலீஸ் படை புகுந்து வீடுகளைச் சூறையாடியதில் போய் நின்றது. தடுக்கப் போக வேண்டியவர்களே ஒரு தரப்பாக மாறிய கதை அது. 1997-இல் விருதுநகர் மாவட்டத்துக்கான போக்குவரத்துக் கழகத்துக்கு பட்டியல் சமூகத்தார் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சுற்று வட்டாரக் கிராமங்களும் என்ன பாடு பட்டன என்பதை ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் அந்த ஆண்டு ஜூலையில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. பெயர் போயிற்று. பஸ்ஸில் அடிதடி போகவில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின.

சாயங்காலம் பள்ளி விட்டு வருகிற பஸ்ஸில் ஒரு நாள் நின்று பாருங்கள். படிக்கட்டில் தொங்குகிறவன் மணிக்கட்டில் என்ன நிறக் கயிறு, பின் சீட்டில் செல்போன் ஸ்பீக்கரில் அலறுகிற பாட்டு யாருடைய புகழ் பாடுகிறது, எந்த நிறுத்தம் வந்ததும் சத்தம் கூடுகிறது, எந்த நிறுத்தத்தில் ஏறுகிற பையன் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வருகிறான் என்பதெல்லாம் கண்டக்டருக்குத் தெரியும். நேற்று வரை முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன் ஒரு வாரமாக ஏன் வரவில்லை என்பதும் தெரியும். விசில் ஊதுவதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? தட்டிக் கேட்டால் அடுத்த ட்ரிப்பில் கண்ணாடி உடையும். யாரிடம் சொல்வது என்று அவருக்கு எந்த டெப்போவிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

கயிறு என்றதும் ஒரு சம்பவம். 2018 பேட்ச் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் களத்துக்கு வந்தபோது, மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைக் கண்டு அரசுக்கு எழுதினார்கள். 2019-இல் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே அமைச்சர் தரப்பிலிருந்து 'பழைய நிலையே தொடரும்' என்று பின்வாங்கினார்கள். பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் கண்ணுக்குப் பட்டது, காலங்காலமாக அங்கேயே இருக்கிறவர்களுக்குப் படவில்லை என்று நான் நம்பவில்லை. பட்டது; பேசினால் வம்பு என்று பழகிப்போயிற்று. நாலு ஆண்டில் நாங்குநேரி. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18-ஆம் தேதி முதல்வரிடம் கொடுத்த அறிக்கையில் அதே கயிறு மறுபடியும் வருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பெரிய பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே ஓர் அலுவலர் என்றும் பரிந்துரைகள் இருக்கின்றன.

பயிற்சி என்றாலே ஆசிரியர்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது தெரியும். எமிஸ், எண்ணும் எழுத்தும், அது இது என்று இருக்கிற பயிற்சி போதாதா என்பார்கள். நியாயம்தான். காலையில் பவர்பாயிண்ட், மதியம் சாம்பார் சாதப் பொட்டலம், சாயங்காலம் கையெழுத்து என்கிற பயிற்சியால் ஒரு உயிரும் தப்பாது. நம்ம பக்கத்துக்குத் தெரிந்த ஒரு முறை இருக்கிறது. பட்டாசு ஆலையில் ஃபோர்மேன் ஆக வேண்டுமென்றால் மருந்தோடு எப்படிப் புழங்க வேண்டும் என்று படித்துத் தேறித்தான் ஆக வேண்டும். உராய்வு எங்கே வரும், தீப்பொறி எங்கே விழும், முதலில் யாரை வெளியேற்றுவது என்பது கையோடு பழகியிருக்க வேண்டும். அந்த மாதிரி ஒத்திகை வேண்டும். ஒருத்தர் புகார் கொடுக்கிற பையன், ஒருத்தர் தலைமை ஆசிரியர், ஒருத்தர் ஆத்திரத்தோடு வருகிற எதிர்த்தரப்புச் சித்தப்பா என்று வேஷம் கட்டி நடித்துப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே சக மாணவனை அரிவாளால் வெட்டியபோது தடுக்கப் போன ஆசிரியருக்கும் வெட்டு விழுந்தது. தைரியத்துக்குக் குறைவில்லை. எப்படித் தடுப்பது என்பதுதான் தெரியாது.

ஸ்டேஷனுக்கு வருவோம். புகார் வந்ததும் 'ரெண்டு பேரையும் வரச் சொல்லு, பேசி விட்டுருவோம்' என்பது ஏட்டையாக்களின் காலகாலமான வைத்தியம். பல சண்டைகள் அப்படி முடிந்தும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நிறுத்தினால், புகார் கொடுத்தவன் பெயரை நாமே ஒப்படைத்ததாக ஆகிறது. அப்புறம் இரண்டு தரப்பு மேலும் ஒரு கேஸ் போட்டுச் சரிக்கட்டுவது இன்னும் மோசம். புகார் கொடுக்கிறவர்கள், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995-ஆம் ஆண்டு விதிகளும் வெட்டு விழுந்த பிறகு எடுக்கிற புத்தகங்கள் இல்லை. பதற்றமுள்ள பகுதிகளை முன்கூட்டியே கண்டறிய வேண்டும், டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்றெல்லாம் விதியிலேயே இருக்கிறது. பட்டியல் பிரிவைச் சாராத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமையைத் தட்டிக் கழித்தால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு போய் நில்லுங்கள், பேச்சே மாறும்.

ஆஸ்பத்திரியைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. அடிபட்டு வருகிறவனுக்குக் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவது வழக்கம். அதோடு சரி. 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டு போகிறவர்களின் கணக்கு எங்கே போகிறது? பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து முக அறுவை மருத்துவர் ஜொனதன் ஷெப்பர்ட் இதைத்தான் தோண்டினார். அடிதடியில் காயப்பட்டு வருகிறவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் அடித்தார்கள் என்பதை மட்டும் பெயர் இல்லாமல் எழுதிப் போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். எங்கே காவல் போட வேண்டும் என்பது தெரிந்தது, காயத்தோடு வருகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது. நம்மிடம் ஏ.ஆர். நோட்டே இருக்கிறது. அதை மாதம் ஒரு முறை சேர்த்து வைத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அமெரிக்காவின் சிகாகோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காலரா, காசநோய் என்று ஓடிய தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின், 2000-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அந்தந்தத் தெருவில் செல்வாக்குள்ள ஆட்களையே, முன்னாள் அடிதடிக்காரர்கள் உட்பட, பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். சுடப்பட்டவன் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவனுடைய கூட்டாளிகளிடம் போய்ப் பேசிப் பழிக்குப் பழியை நிறுத்துவது இவர்கள் வேலை. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பலன் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இடத்தைச் சரியாகப் பிடித்தார்கள். நம்ம ஜி.எச். வாசலில் ராத்திரி பத்து மணிக்கு பைக்கில் வந்து குவிகிற இருபது பையன்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உள்ளே தையல் போட்டு முடிப்பதற்குள் வெளியே அடுத்த 'சம்பவம்' முடிவாகிவிடும். அந்த இருபது பேரிடம் பேசத் தெரிந்த ஒருத்தர் அந்த வாசலில் வேண்டும். லத்தியோடு துரத்துகிறவர் மட்டும் போதாது.

வெட்டுகிற பையன்களையும் மறந்துவிடக் கூடாது. பதினாறு வயதுப் பையன் கைக்கு அரிவாள் தானாக வருவதில்லை. 'நம்ம கெத்து என்னாகிறது' என்று உசுப்பிவிடுகிற ஒரு அண்ணன், ஒரு மாமா, ஒரு ஸ்டேட்டஸ் வீடியோ பின்னால் இருக்கும். பங்குனிப் பொங்கல், கொடை, குருபூசை என்று போஸ்டர் ஒட்டுகிற நாட்களில் பையன் ராத்திரி எங்கே போகிறான் என்று கேட்காத வீடுகள் அப்புறம் கூர்நோக்கு இல்லத்து வாசலில் காத்துக்கிடக்க நேரும். மிரட்டல் வீடியோ வந்தால் பார்வர்ட் பண்ணாதீர்கள், அழிக்கவும் அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதியோடு ஸ்டேஷனில் கொடுங்கள்.

ஆசிரியர்களே, பயிற்சி வரும்போது வரட்டும். அதுவரைக்கும் இதையாவது செய்யுங்கள். புகாரைத் தனியறையில் கேளுங்கள், ஸ்டாஃப் ரூமில் வேண்டாம். எதிர்த்தரப்புப் பெற்றோரை அன்றே கூப்பிடுவதற்கு முன் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுங்கள். சம்பந்தப்பட்ட பையன்களை ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பாதீர்கள். மறுநாள் அவன் வகுப்புக்கு வந்தானா என்று முதல் பீரியடிலேயே பாருங்கள். பெற்றோரே, பையன் இரண்டு நாளாகப் பள்ளி போக மாட்டேன் என்றால் 'சோம்பேறி' என்று அடிக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். அவசரத்துக்கு 112. பிள்ளைகள் விஷயத்துக்கு 1098. பள்ளி விஷயத்துக்கு 14417. வன்கொடுமைப் புகாருக்கு 14566.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டட நிதி, கழிப்பறை எல்லாம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்திருக்கும் முன் மூன்று பெயரை மினிட்ஸ் நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்: புகார் கொடுத்த பிள்ளையோடு வீடு வரை போவது யார், ஸ்டேஷனுக்குப் போன் போடுவது யார், தேவைப்பட்டால் அன்று ராத்திரி அந்தக் குடும்பம் போய்த் தங்குவது யார் வீட்டில்.