ஒன்றேகால் நாய்

பெரு நாட்டின் அரெகிப்பா நகரத்தில் மழை என்பது ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதச் சமாசாரம். மிஸ்தி எரிமலையின் காலடியில் இருக்கிற ஊர் அது. மலையில் பெய்கிற மழை இறங்கிப் போவதற்காக ஊருக்குக் குறுக்கே ஓடைகள் உண்டு. ‘தொரெந்தேரா’ என்று உள்ளூரில் சொல்கிறார்கள். மழை நின்றால் மணலும் கல்லும் குப்பையும்தான் அவற்றில் மிஞ்சும். வண்டி போகாது, ஆள் நடமாட்டம் குறைவு, தின்ன ஏதாவது கிடக்கும். நாய்க்கு இதைவிட நல்ல ராஜபாட்டை வேறு எது?

2015 மார்ச்சில் அந்த ஊரில் ஒரு நாய்க்கு ரேபிஸ் இருப்பது உறுதியாயிற்று. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அந்த நோய் இல்லை. வெறிநாய்க்கடியை ஏறக்குறைய வென்றுவிட்டதாகத் தென் அமெரிக்கா தலைநிமிர்ந்திருந்த காலம். ஒரு நாய் பல நாயாயிற்று. நோயுற்ற நாய்கள் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்த ஆய்வாளர்கள், புள்ளிகள் வறண்ட ஓடைகளை ஒட்டியே விழுவதைக் கண்டார்கள். பிறகு சில நாய்களின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டி விட்டுப் பார்த்தபோது, ஓடைப் படுகையில் அவை நெடுந்தூரம் போய்வருவது தெரிந்தது. இத்தனைக்கும் அங்கே திரிகிற நாய்களில் பெரும்பாலானவை அநாதைகள் அல்ல. வீடு உண்டு, பெயர் உண்டு, வேளைக்குச் சோறும் உண்டு. கதவைத் திறந்து விட்டால் ஊர்சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

இந்த நோயைப் பற்றி எனக்கு நீங்காத வியப்பு ஒன்று உண்டு. கடித்து, நோய் தலைகாட்டிவிட்டால் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகத்தில் ஆண்டுக்கு 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. அப்படிப்பட்ட நோய் காட்டுத்தீ மாதிரி பரவும் என்றுதானே நினைப்போம்? தான்சானியாவின் செரெங்கெட்டி வட்டாரத்தில், எந்த நாய் எந்த நாயைக் கடித்தது என்று துப்பறிவாளர்கள்போல வீடுவீடாக விசாரித்துத் தொகுத்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு வெறிநாய் சராசரியாக எத்தனை நாய்க்கு நோயைக் கொடுக்கிறது? ஒன்றே சொச்சம். 1.1 முதல் 1.3 வரை. நம் வாய்பாட்டுக் கணக்கில் ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளலாம். தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, தடுப்பூசி இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு ஒட்டிவிடும்.

இது ஈரவிறகு நெருப்பு. ஊதிக்கொண்டே இருந்தால்தான் எரியும்.

ஏன் இப்படி? கிருமியின் வழி அப்படி. எச்சிலோடு காயத்தில் இறங்குகிற வைரஸ் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. தசையில் தங்கி, அங்கே முடிகிற நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பின் உள்ளேயே மூளையை நோக்கி ஏறுகிறது. இந்தப் பயணம் வாரக்கணக்கில் நடக்கும், சிலசமயம் மாதக்கணக்கில். அதுவரை நாய் வாலாட்டும், சோறு தின்னும், குட்டிக்குப் பால் கொடுக்கும். எந்தப் பரிசோதனையாலும் அப்போது நோயைக் கண்டுபிடிப்பது அரிது. மூளையை எட்டிய பிறகு அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்கும். குறி தென்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கும். குறி தென்பட்டபின் நாய்க்கு மிச்சமிருப்பது ஏறத்தாழ மூன்று நாள். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனி என்று மருத்துவர்கள் சொல்வதன் சூட்சுமம் இதுதான். கடித்த அன்று எச்சிலில் கிருமி இருந்திருந்தால், பத்தாம் நாள் அந்த நாய் உயிரோடு இருக்காது. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கடிவாயைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பில் கரைந்துவிடும்.

ஊசி என்றதும் தொப்புளைச் சுற்றி 14 ஊசி ஞாபகம் வருகிறவர்களுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய தடுப்பு மருந்து அது. ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்துத் தயாரிப்பார்கள். நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும் தயாரானது. இப்போது மருந்து வேறு, போடுவது கையில். பயம் மட்டும் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

மூன்று நாளில் தானும் செத்து, கிடைத்த அவகாசத்தில் ஒன்றேகால் நாயைக் கடிக்கிற கிருமியை ஒழிக்க, கணக்குப்படி நூற்றுக்கு இருபது நாய்க்கு ஊசி போட்டாலே போதும். ஐந்தில் ஒன்றைத் தடுத்துவிட்டால் ஒன்றேகால் ஒன்றாகிவிடும். அதற்கும் கொஞ்சம் கீழே இறங்கினால் நெருப்பு தானாக அவியும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் கேட்பது 70 சதவீதம். காரணம் கிருமி அல்ல, நாயின் ஆயுள். தெருவில் திரிகிற நாய் சராசரியாக மூன்று வருடம் வாழ்ந்தாலே அதிகம். ஊசி போட்டது சாகும், போடாத குட்டி பிறக்கும். இன்று எழுபது என்றால் அடுத்த ஆண்டு இதே நாளுக்குள் அது பாதியாகக்கூட இறங்கியிருக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்க வேண்டுமானால் விளிம்புவரை ஊற்றித்தானே ஆக வேண்டும்?

நாயையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவு அதைச் செய்து பார்த்தது. 1997-இல் வெளித்தீவிலிருந்து மூன்று நாய்களோடு ரேபிஸ் அங்கே வந்து இறங்கியது. தீவின் நாய்களில் ஏறத்தாழ பாதியைக் கொன்றார்கள். நோய் போகவில்லை. வெறிபிடித்த நாய் தன் எல்லையைவிட்டு ஓடி ஓடிக் கடிக்கும். ஊரில் நாய் பாதியாகக் குறைந்ததற்காக அது பாதிக் கடியோடு நிறுத்திக்கொள்வதில்லை. நாய் பிடிக்க ஆள் வருகிறான் என்று தெரிந்தால் வளர்க்கிறவர் அதை அடுத்த ஊர் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், சேர்ந்து கிருமியும் போகும். கொன்றவற்றில் ஊசி போட்ட நாயும் இருக்கும். காலியான இடத்தில் குட்டிகள் வளரும், எல்லாம் ஊசி காணாதவை. சென்னை மாநகராட்சியும் பல பத்தாண்டுகள் பிடித்துக் கொன்று பார்த்துவிட்டு, 1996-இல்தான் ப்ளூ கிராஸோடு சேர்ந்து கருத்தடை, தடுப்பூசி என்று வழி மாறியது.

நகரத்தில் இந்த நெருப்பை அணைத்துக் காட்டியது ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுத் தலைநகரம் என்ஜமீனா. ஏழை நாடு. அங்கே முதலில் சிறிய அளவில் இலவசமாக ஊசி போட்டுப் பார்த்தபோது, பகுதியைப் பொறுத்து 64 முதல் 87 சதவீத நாய்கள் வந்தன. பிறகு உரிமையாளரிடம் காசு வாங்கிப் பார்த்தார்கள். 24 சதவீதம். விலையை ஏற்றிச் சொல்லவில்லை, வெறுமனே விலை வைத்தார்கள், அவ்வளவுதான். பாடம் படித்துக்கொண்டு 2012-இலும் 2013-இலும் நகரம் முழுக்க இலவசமாகப் போட்டார்கள். இரண்டு தடவையும் 71 சதவீதம். ஒன்றேகால், ஒன்றுக்குக் கீழே போயிற்று. ஒன்பது மாதம் நாய்க்கு நாய் தொற்றுவது நின்றே போனது.

பிறகு திரும்பி வந்தது. கணித மாதிரி சொன்ன நாளுக்கு முன்பே வந்தது. வெளியூரிலிருந்து, கிருமியை நரம்புக்குள் வைத்துக்கொண்டு வாலாட்டியபடி வந்த நாய்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. மாநகராட்சி எல்லைக்கல் நமக்குத்தான் எல்லைக்கல்.

கோவா அந்தத் தவறைச் செய்யவில்லை. மாநிலம் முழுவதையும் ஒரே ஊராக எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டு நாயை யாரும் கயிற்றில் கட்டி முகாமுக்குக் கூட்டிவரப் போவதில்லை என்பதால், ஆட்கள் வலையோடு தெருத்தெருவாகப் போனார்கள். வலையை வீசிப் பிடி, ஊசி போடு, உடம்பில் சாயக்கோடு இழு, விட்டுவிடு. அந்தக் கோட்டை வைத்து மறுநாள் இன்னொரு ஆள் எண்ணுவார். எத்தனைக்கு எத்தனை என்பது செல்பேசியில் ஏறும், குறைந்த தெருவுக்கு மறுபடி போவார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் நாய்கள். 2017-க்குப் பிறகு சில ஆண்டுகள் அங்கே ஒரு மனிதர்கூட ரேபிஸால் சாகவில்லை. 2021-இல் ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதி என்று மாநிலத்தை அறிவித்தார்கள்.

அரெகிப்பாவில் வலை வேண்டியிருக்கவில்லை, நாய்க்கு வீடு இருக்கிறதே. வாரக்கடைசியில் தெருமுனையில் ஒரு கூடாரம், ஒரு மேசை, ஐஸ் பெட்டியில் மருந்து. நாயை நீங்கள் கூட்டிவர வேண்டும், காசில்லை. ஆனால் ஊசி போட்ட வீடுகளையும் போடாத வீடுகளையும் எண்ணிப் பார்த்தால், கூடாரத்திலிருந்து தூரம் கூடக் கூட வருகிறவர் குறைந்துகொண்டே போனார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மலைச்சரிவில் மேலே மேலே ஏறிப்போய் வீடு கட்டிக்கொண்ட ஊர் அது. கயிறே பழகாத நாயை இழுத்துக்கொண்டு, நாலு தெரு நாய்களின் குரைப்பைத் தாண்டி இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். மேலே இருப்பவர்கள் வராமல் இருந்துவிட்டால் மொத்தக் கணக்கு நன்றாக இருந்தாலும், ஊசி காணாத நாய்கள் ஒரே இடத்தில் கூட்டமாக மிஞ்சும். ஈரவிறகுக்கு அந்த ஒரு மூலை காய்ந்திருந்தால் போதும்.

அதனால் ஆய்வாளர்கள் கிருமியை விட்டுவிட்டுக் கூடாரத்தைக் கையில் எடுத்தார்கள். வழக்கமாகப் பூங்கா, சந்தை, சுகாதார நிலையம் என்று வசதிப்பட்ட இடத்தில் போடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நடக்க வேண்டிய தூரத்தைக் கணினியில் ஏற்றி, அதே எண்ணிக்கைக் கூடாரங்களை எங்கெங்கே நட்டால் அதிக நாய் வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு கூடாரம்கூடக் கூட்டவில்லை. இடம் மாற்றியதற்கே கூடுதல் நாய்கள் வரும், விட்டுப்போகிற மூலைகளும் குறையும் என்று விடை வந்தது. வரைபடத்தில் சில கூடாரங்கள் பூங்காவைவிட்டுக் கிளம்பி, சரிவில் நாலைந்து தெரு மேலே ஏறி நின்றன.