வழியிற் காற்றுப் போனால்

மோட்டார் சைக்கிள் ஒன்றில் கணவனும் மனைவியும் குழந்தையும் சந்தைப் பொதியுடன் செல்லும்பொழுது, அத்தனை பாரத்தையும் தாங்கி நிற்பது யாது? ரயர் என்றே பலரும் விடை கூறுவர். உண்மையில் அப் பாரத்தைத் தாங்குவது ரயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றேயாகும். இறப்பர் அக் காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும் சுவர் மாத்திரமே. ஸ்கொத்லாந்திற் பிறந்து பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக வாழ்ந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனுடைய மூன்று சில்லு வண்டிக்காக அமைத்த காற்று ரயருக்கு 1888 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்று வரை, சில்லின் மேல் ஓடும் வாழ்வு காற்றை நம்பிய வாழ்வாகவே இருந்து வருகின்றது.

ஆகவே காற்றுப் போதல் என்பது சிறு தொல்லை போலத் தோன்றினும், அதனுள் ஓர் உயிராபத்தும் மறைந்திருக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து, 2011 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக மன்னாருக்குச் செல்லும் தெருவை எடுத்துக்கொள்வோம். முட்காடும் வெட்டவெளியும் மாறிமாறி வரும் அவ்வழியில், நண்பகல் வெயிலிலோ இரவிலோ ரயர் காற்றிழந்தால், உதவி அருகில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கு மனிதனைக் காப்பது நிதானம், கெடுப்பது அவசரம்.

முதலிற் கெடுக்கும் அவசரம் வண்டியை நிறுத்துவதிலே நேர்கின்றது. றிம்மின் விளிம்போடு ரயரை இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளேயுள்ள காற்றின் அழுத்தமே. அது நீங்கியதும் ரயர் றிம்மின் மேல் இங்குமங்கும் நழுவத் தொடங்கும். பின்சில்லுக் காற்றிழந்தால் வண்டியின் பின்புறம் மீனின் வாலைப் போல அசையும். முன்சில்லானால் கைபிடி பாரமாகித் திரும்ப மறுக்கும். அவ்வேளையில் அச்சத்தாற் பிறேக்கை இறுக்கிப் பிடிப்பதே பெருந் தவறு. கைபிடியை உறுதியாகப் பிடித்து, வண்டியை நேராகச் செல்லவிட்டு, அக்சிலேற்றரை மெல்லக் குறைத்தல் வேண்டும். வேகம் தணிந்த பின்னரும், காற்றுள்ள சில்லின் பிறேக்கையே மென்மையாகப் பயன்படுத்துதல் நன்று. பின்சில்லுப் பழுதாயின் முன்பிறேக், முன்சில்லுப் பழுதாயின் பின்பிறேக். பின்னால் இருப்பவர் அசையாமல் இருப்பதே அவர் செய்யக்கூடிய பேருதவியாகும்.

பின்னர் இடப்புறமாகத் தாரை விட்டிறங்கி, வளைவிலன்றி, இரு திசையினரும் தொலைவிலிருந்தே காணக்கூடிய இடத்தில் நிறுத்தல் வேண்டும். பழுதான வண்டிக்குப் பின்னால் பச்சைக் குழையை முறித்துப் போடும் நம் ஊர் வழக்கம் பொருளற்றதன்று. எனினும் இரவில் அக் குழை பிறர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே கைவிளக்கு ஒன்று தேவை. வேலை முடிந்ததும் குழையை அகற்றாமற் செல்வது, தமக்கு நேர்ந்த துன்பத்தை அடுத்தவருக்குக் கைமாற்றுவதாகும்.

அடுத்த ஊர் அண்மையிற்றானே என்று எண்ணிக் காற்றில்லாத ரயரின் மேல் ஏறி ஓட்டுவோரும் உளர். சில நிமிடங்களிலேயே ரயரின் பக்கச்சுவர் நசுங்கும், ரியூப் முறுகி, வால்வின் அடியிற் கிழியும், றிம்மும் வளையலாம். ஓர் ஒட்டோடு முடிய வேண்டிய செலவு, ரயரும் ரியூப்பும் றிம்மும் வாங்கும் செலவாகப் பெருகும். இருந்தவர்கள் இறங்கி, தெருவின் ஓரமாக வண்டியைத் தள்ளிச் செல்வதே அதனினும் சிறந்தது.

வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்திய பின்னர் முதலிற் பார்க்க வேண்டியது வால்வு. மூடியைக் கழற்றிச் சிறிது எச்சில் தடவினால், கசிவிருப்பின் குமிழி தோன்றும். உள்ளேயிருக்கும் சிறு ஊசி தளர்ந்திருந்தால் அதனை இறுக்குவதோடு வேலை முடிந்துவிடும். வால்வு நன்றாயிருப்பின், சில்லை மெல்லச் சுழற்றி ரயரின் மேற்பரப்பு முழுவதையும் நோக்குதல் வேண்டும். ஆணியோ முள்ளோ தென்பட்டால் உடனே பிடுங்கலாகாது. முதலில் அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் அடையாளமிடுதல் வேண்டும். ரியூப் இல்லாத ரயராயின், அவ்வாணியே துவாரத்தை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். அத்தகைய ரயரின் மேற்பரப்பில் உள்ள சிறு துவாரத்தை, பசை ஊறிய தடித்த நூற்பட்டியை வெளியிலிருந்தே செருகி அடைக்கலாம். பக்கச்சுவரில் உள்ள துவாரத்துக்கு அம் முறை உதவாது.

ரியூப் உள்ள ரயராயின், துவாரம் எங்கே என்பது தெரிந்தவிடத்து, சில்லைக் கழற்றாமலே அப் பகுதி ரியூப்பை மட்டும் வெளியே எடுத்து ஒட்டலாம். அதற்கு எஞ்சியிருக்கும் காற்றை முற்றாக வெளியேற்றி, ரயரின் ஒரு புற விளிம்பை லீவரால் நெம்புதல் வேண்டும். அவ்விளிம்பு இலகுவில் அசையாது. பலர் இங்கேயே பலத்தைப் பயன்படுத்தி ரியூப்பைக் கிழித்துவிடுகின்றனர். இங்கு வேண்டுவது பலமன்று. றிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. லீவர் இடும் இடத்துக்கு எதிர்ப்புறத்து விளிம்பை அப் பள்ளத்துள் அழுத்திவிட்டால், லீவர் இடும் பக்கத்தில் வேண்டிய தளர்ச்சி கிடைக்கும். அதன் பின்னர் சிறிது சிறிதாக நெம்பினாற் போதும்.

துவாரத்தை அடைப்பது பாதி வேலை. காரணத்தைக் காண்பது மற்றப் பாதி. ரயருக்குள்ளே தங்கிய முள்ளை அகற்றாமல் ஒட்டிய ஒட்டு, சில மைல்களுக்குள் மீண்டும் காற்றிழக்கும். ஆகையால் துணியொன்றை ரயரின் உட்புறத்தில் தடவிப் பார்த்தல் வேண்டும். முள் இருந்தால் துணி அதிற் சிக்கும், விரல் தப்பும். துவாரத்தின் வடிவமும் காரணத்தைச் சொல்லும். பாம்பு தீண்டியதுபோல இரண்டு துவாரங்கள் அருகருகே இருந்தால், காற்றுக் குறைந்த ரயர் குழியிலோ கல்லிலோ மோதி, றிம்முக்கிடையில் ரியூப் நசுங்கியது என்பது பொருள். ரியூப்பின் உட்பக்கத்தில், றிம்மை நோக்கிய இடத்தில், துவாரம் இருந்தால் சில்லுக் கம்பியின் முனையை ஐயுறுதல் வேண்டும். வால்வின் அடியிற் கிழிந்திருந்தால் ஒட்டு நில்லாது; புது ரியூப்பே மருந்து.

ஒட்டுப் போடுவதிலும் அவசரம் ஆகாது. துவாரத்தைச் சுற்றியுள்ள இடத்தைத் துடைத்து, அரத்தாற் சுரண்டி, சொலூசனை மெல்லியதாகப் பூசுதல் வேண்டும். பூசியவுடனே ஒட்டை வைப்பவர் பலர். ஈரம் பளபளக்கும்வரை அது பிடிக்காது. சில நிமிடம் காத்திருந்து, மினுக்கம் மங்கிய பின்னர் ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்துதல் வேண்டும். ரியூப்பை உள்ளே இடும்போது அது மடியாதிருக்கச் சிறிது காற்று இருத்தல் நன்று. ரயர் விளிம்பைக் கைகளாலேயே இயன்ற அளவு உள்ளே தள்ளி, விளிம்புக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் அகப்படவில்லை என்பதைச் சுற்றிலும் பார்த்த பின்னரே காற்றடித்தல் வேண்டும். சிறு வண்டிகளுக்கு வேண்டிய அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 25 முதல் 35 இறாத்தலுக்குள் அமையும். பின்சில்லுக்கும் இருவர் செல்லும்போதும் கூடுதலாக வேண்டும். சரியான அளவை வண்டியின் கைந்நூல் கூறும்.

இறுதியாக நேரும் அவசரமே மிகக் கொடியது. சில்லைக் கழற்ற நேர்ந்திருந்தால், அச்சின் நட்டும், பின்பிறேக்கைப் பிடித்து நிற்கும் தண்டின் நட்டும், பிறேக் கம்பியும் மீண்டும் தத்தம் இடத்தில் இறுகினவா, சங்கிலி நேராக உள்ளதா என்று பார்க்காமற் புறப்படலாகாது. இருட்டும் முன் வீடு சேர வேண்டும் என்ற எண்ணத்தால் மறக்கப்பட்ட ஒரு நட்டு, ஆணி செய்யாத கொலையைச் செய்துவிடும். நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று முறை பிறேக்கை மிதித்துப் பார்த்தல் வேண்டும். பின்னர் மெதுவாகச் சென்று, இரண்டு மூன்று மைலில் ஒருமுறை இறங்கி ரயரைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவ்வளவுக்கும் வேண்டிய பொருள்கள் யாவும் ஆசனத்துக்கு அடியிலோ பக்கப் பையிலோ அடங்கும்: இரண்டு லீவர்கள், ஒட்டுகள், சொலூசன், சிறு அரம், வால்வுக்குப் பொருந்தும் கைப்பம், அச்சுக்குரிய சாவி, கைவிளக்கு. ஆயினும் பொருள் இருந்தாற் போதாது. கை பழகியிருத்தல் வேண்டும். ஓய்வான ஞாயிற்றுக்கிழமையொன்றில், வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில், பழுதில்லாத ரயரை ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்த்தவர், ஆளில்லாத தெருவிலே தடுமாறமாட்டார். வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அதனை உடனிருந்து கற்றுக்கொள்வது நலம். ரயர் எவரிடம் இருக்கும்போது காற்றிழக்கும் என்பதை எவரும் அறியார்.