வலிக்காத கட்டி, கோணும் வாய்

காது மடலுக்குக் கீழே, தாடை முனையை ஒட்டி ஓர் உருண்டை. தொட்டால் நகர்கிறது, வலி இல்லை. "வலிச்சாத்தானே பயப்படணும்?" என்று வருடக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு. காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஐந்தில் நான்கு புற்றுநோய் அல்ல என்பது உண்மைதான். ஆனால் புற்றுக்கட்டிகளிலும் பல வலிக்காமலே வளரும்.

பார்க்க வேண்டியது நரம்பை. முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. சாதாரணக் கட்டி அதை ஒதுக்கித் தள்ளும். புற்றுநோய் அதற்குள் நுழையும். அப்போது கண் முழுசாக மூடாது. வாய் கொப்பளித்தால் கடைவாயில் தண்ணீர் வழியும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற வகை நரம்பைப் பிடித்துக்கொண்டே மண்டையோட்டின் அடிவரை போகக்கூடியது. கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே உதடோ நாக்கோ மரத்துப்போகலாம், எறும்பு ஊர்வதுபோல் இருக்கலாம், விடாமல் வலிக்கலாம். பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை என்றால் இந்தச் சந்தேகமும் வரட்டும்.

சாப்பிடும்போது மட்டும் வீங்கி வலித்தால் பெரும்பாலும் சுரப்பிக் கல்தான். ஓரிரு நாளில் திடீரென வாய் கோணினால் பெல்ஸ் பால்சி எனும் முக நரம்பு வாதமாக இருக்கலாம். வாரக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகக் கோணினாலோ, மூன்று மாதமாகியும் தேறாவிட்டாலோ எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். மெல்லிய ஊசியால் எடுக்கும் பரிசோதனையால் நோய் பரவிவிடும் என்று அஞ்ச வேண்டாம். கட்டியைக் கீறிவிடச் சொல்வதுதான் வினை.

அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுமுன், "நரம்பை வெட்ட நேருமா? வெட்டினால் வேறு நரம்பு வைத்து ஒட்டுவீர்களா?" என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, நோயாளி ஒப்புக்கொள்ளாத சிகிச்சையைச் செய்யக்கூடாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நரம்பு வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் போதாது. பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகளும், தேவைப்பட்டால் மார்ஃபினும் உண்டு. "பொறுத்துக்கோங்க" என்பது சிகிச்சை அல்ல. செலவுக்கு, தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை முதல் நாளே காட்டிவிடலாம்.

பயாப்ஸி அறிக்கையில் 'பெரிநியூரல் இன்வேஷன்' (நரம்பைச் சுற்றி நோய் நுழைந்திருப்பது) என்று இருந்தால், கதிர்வீச்சு தேவையா என்று கேட்டே ஆகவேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; அடினாய்டு சிஸ்டிக் வகை பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பி வருவதுண்டு.