செட்டிநாட்டு இலையில் செட்டிநாட்டு நெல்

செட்டிநாட்டுச் சமையலின் கீர்த்தி இன்று கடல் கடந்தும் பரவியுள்ளது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை முதலிய ஊர்களிலுள்ள பெரிய வீடுகளைக் காண வருவோர், அவ்வூர் உணவை உண்டு போவதையும் தங்கள் பிரயாணத்தின் ஒரு நோக்கமாகக் கொண்டிருக்கின்றனர். ஆயினும் அவர்களுக்குப் பரிமாறப்படும் அரிசி எவ்வூரில் விளைந்தது என்று விசாரிப்போர் சிலரே. அதே சமயத்தில், ஊரெல்லையிலுள்ள கண்மாய்ப் பாசன வயல்களில் பல சீமைக் கருவேல் மண்டிக் கிடக்க, அவ்வயல்களுக்குரிய குடும்பங்களின் வாலிபர் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். இவ்விரண்டு விஷயங்களுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. உள்ளூர் நெல்லுக்கு உள்ளூரிலேயே தக்க விலை கிடைக்குமாயின், வாலிபருள் சிலரேனும் நிலத்தில் நிலைத்திருப்பர். அதற்குக் கண்மாய், விதை, வாங்குவோர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். அவை அமையும் வழியை இங்கே பார்ப்போம்.

பூர்வ சரித்திரம் கற்பிக்கும் பாடம்

நகரத்தார் பர்மாவில் நடத்திய லேவாதேவித் தொழில் யாவரும் அறிந்ததே. கீழ்ப் பர்மாவின் நெல் விளைச்சலுக்கு அவர்களுடைய கடன் பெரும் மூலதனமாயிருந்தது. 1930-க்குப் பின் உலகெங்கும் தானிய விலை வீழ்ந்தபோது, கடன்பட்ட பர்மிய விவசாயிகள் பணம் செலுத்த இயலாமல் நிலத்தை இழந்தனர். அதன் பயனாக 1938-க்குள் அந்நாட்டின் முக்கிய நெல் ஜில்லாக்களிலுள்ள சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செட்டிநாட்டார் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். பர்மா அரிசி வருவது நின்றது. அதை நம்பியிருந்த சென்னை மாகாணத்தில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தது. 1948-ல் பர்மா அரசாங்கம் நில தேசியமயச் சட்டம் இயற்றியபோது நிலமும் கை நழுவியது. தூர தேசத்து வயலை நம்பி, வீட்டின் பின்புறத்திலுள்ள கண்மாயை மறந்திருத்தல் எத்தகைய அபாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

அத்தொடர்பின் அடையாளம் ஒன்று இன்றும் விருந்து இலையில் இருக்கிறது. கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்றும், பர்மிய மொழியில் ஒட்டரிசியைக் குறிக்கும் சொல்லே கவுனி என்று மருவியது என்றும் கூறுவர். சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் சேர்த்துச் செய்யும் கவுனி அரிசி இனிப்பு, செட்டிநாட்டுக் கலியாண விருந்துகளில் நெடுங்காலமாக இடம் பெற்றுள்ளது. வந்த வழி எதுவாயினும், இந்நெல் தமிழ்நாட்டு வயல்களில் விளைகிறது. செட்டிநாட்டிலேயே இதற்கு நிலையான தேவையும் இருக்கிறது.

முதலாவது கண்மாய்

காரைக்குடியைச் சூழ்ந்த பகுதியில் செம்புறை மண்ணும் சரளை மண்ணும் மிகுதி. இம்மண் நீரைத் தேக்கிவைக்கும் சக்தி குறைந்தது. மழை பெய்து காய்ந்தவுடன் மேற்பரப்பு இறுகிவிடும். வற்றாத ஆறு இப்பகுதியில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவ மழையைக் கண்மாயில் தேக்கித் தை மாதம் வரை பயிரைக் காப்பாற்றுவதே முன்னோர் கண்ட முறை. ஆகவே கண்மாயைச் சீர்ப்படுத்தாமல் விதையைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுவது வீண்.

கண்மாயில் படிந்துள்ள வண்டல், கண்மாய்க்குப் பாரம், வயலுக்கோ செல்வம். களியும் மக்கிய பொருளும் நிறைந்த அவ்வண்டலைச் செம்புறை நிலத்தில் பரப்பினால் ஈரம் தங்கும் சக்தி கூடும். விவசாயிகள் இதனை இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2017-ல் இடமளித்தது. நன்செய்க்கு ஏக்கர் ஒன்றுக்கு 75 கன மீட்டரும், புன்செய்க்கு 90 கன மீட்டரும் அளவாக விதிக்கப்பட்டன. 2024-ல் இவ்வநுமதியைத் தாசில்தாரே வழங்குமாறு விதி எளிதாக்கப்பட்டது. பாத்தியதை உள்ளவர்கள் கோடையிலேயே மனுச் செய்துகொள்ளுதல் நலம். மழை தொடங்கிய பின் வண்டி கண்மாய்க்குள் இறங்காது.

சீமைக் கருவேலை வெட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. அடிமரம் நிலத்தில் இருக்குமளவும் அது மீண்டும் தழைக்கும். வேரோடு பெயர்த்தெடுத்து, உடனே உழுது கொழுஞ்சி விதைப்பதே தக்க முறை. வெட்டிய மரத்தைக் கரியாக்கி விற்றால் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.

கொழுஞ்சி, வறண்ட செம்மண்ணுக்கு ஏற்ற பசுந்தாள் உரம். கோடை மழையில் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதைக்கலாம். நீர் வசதியுள்ள இடத்தில் தக்கைப்பூண்டு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். 2024-25-ல் அரசாங்கம் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் கீழ் பசுந்தாள் உர விதை மானியத்தில் வழங்கப்பட்டது. இவ்வருஷத்து ஒதுக்கீட்டைப் பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்து அறியலாம்.

இரண்டாவது விதை

பழைய நெல் இரகங்களை மீட்கும் முயற்சியில் இருவருடைய பெயர்கள் குறிப்பிடத்தக்கவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் கற்று, பின் அரசாங்க உத்தியோகத்தை விட்டு, கிராமங்களில் இயற்கை வேளாண்மையைப் பரப்பியவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). அவர் வழியில் நின்ற நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்களை நடத்தி, 2018-ல் காலமாகுமுன் 174 இரகங்களைச் சேகரித்தார். திருவிழாவில் 2 கிலோ விதை பெற்றவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்ட ஏற்பாடு. பணமில்லாத வாலிபனும் விதை பெறுவதற்கு இது சிறந்த வழியாயிற்று. அவர் பெயரால் 2021-ஆம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் மரபுசார் நெல் இரகங்களைப் பாதுகாக்கும் இயக்கம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

பழைய நெல் யாவும் வறட்சியைத் தாங்கும் என்னும் அபிப்பிராயம் சரியன்று. வயலுக்கு ஏற்ற நெல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மானாவாரியாகப் புழுதியில் விதைத்து, பின்னர் கண்மாய் நீர் பாய்ச்சும் வயல்களுக்குச் சித்திரைக்கார், குருவிக்களையான், குழியடிச்சான் முதலியன ஏற்றவை. ராமநாதபுரம் சீமையில் பழகியவை. நீர் சீக்கிரம் வற்றும் கடைமடை நிலத்திற்குக் குறைந்த வயதுள்ள பூங்கார் தக்கது. கருப்புக் கவுனியோ ஏறக்குறைய 140 முதல் 150 நாள் நிற்கும் சம்பா நெல். கண்மாய் வற்றிய பிறகும் இரண்டொரு தண்ணீர் கொடுக்கக் கிணறு உள்ள வயலில் மட்டுமே இதை நட வேண்டும். விலையை மட்டும் கேள்வியுற்றுக் கடைமடையில் கவுனி நடுபவர், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நீரின்றிப் பதராகக் காண நேரும்.

உயரமும் வயதும் குறைந்த கருப்பு நெல்லை விரும்புவோருக்காகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கவுனியின் மரபிலிருந்து கோ 57 என்னும் இரகத்தை 2023-ல் வெளியிட்டது. பழைய கவுனியைவிட இது அதிக மகசூல் தருவது. இரண்டையும் சிறிய பாத்திகளில் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

கவுனி சாகுபடி முறை

உப்புக் கரைசலில் கோழிமுட்டை மிதக்கும் பதம் வந்தபின் விதையை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கியதை நல்ல நீரில் இருமுறை கழுவி எடுக்க வேண்டும். ஆவணியில் கிணற்று நீரைக் கொண்டு நாற்றங்கால் விட்டு, இளநாற்றாகவே ஒற்றை நாற்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். இப்பயிர் உயரமாக வளர்வதால் தழைச்சத்து மிகுந்தால் சாய்ந்துவிடும். ஆகையால் பசுந்தாள் உரமும் மக்கிய தொழுவுரமும் இட்ட வயலில் மேலுரமாக யூரியா தூவுதல் கூடாது. களையெடுக்கும் உருளையை இருமுறை ஓட்டினால் களை அடங்கி வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

விதைக்கென ஒதுக்கிய பகுதி மற்ற நெல் வயலிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பூக்கும் சமயத்திலும் அறுவடைக்கு முன்னும் கலப்புக் கதிர்களை நீக்குவது அவசியம். விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், வணிக முத்திரையின்றி விற்கவும் 2001-ஆம் வருஷத்துப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது.

மூன்றாவது வாங்குவோர்

இளம் விவசாயிகளில் அநேகர் இடறுவது இவ்விடத்தில்தான். ஒரு கணக்கைக் கவனிக்கவும். ஓர் ஏக்கரில் பொது இரக நெல் 2,000 கிலோவும் கவுனி 1,000 கிலோவும் விளைவதாக வைத்துக்கொள்வோம். கவுனி நெல்லை உமி மட்டும் நீக்கினால் ஏறக்குறைய 700 கிலோ அரிசி கிடைக்கும். 2,000 கிலோ பொது நெல்லின் வரவுக்கு ஈடாக வேண்டுமானால், ஒரு கிலோ கவுனி அரிசி ஒரு கிலோ பொது நெல்லைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விலை பெற வேண்டும். உமி நீக்கும் கூலி, பை, வண்டிச் சத்தம் ஆகியவை இதற்கு மேல். உரச் செலவில் மிச்சமாவதை இவற்றோடு நேர் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரரிடம் நெல்லாகவே விற்றால் இவ்விலை கிடைப்பது அரிது. உண்பவரிடம் அரிசியாக விற்றால் கிடைக்கக்கூடும். ஆனால் 700 கிலோ அரிசியை யார் உண்பது? கவுனி தினந்தோறும் சமைக்கும் அரிசியன்று. ஒரு குடும்பம் மாதம் 2 கிலோ வாங்கினால் வருஷத்திற்கு 24 கிலோ ஆகும். ஆகவே ஓர் ஏக்கர் கவுனிக்கு ஏறக்குறைய 30 குடும்பங்கள் வேண்டும். முப்பது வீடுகளின் வாக்கைப் பெறாதவன் ஓர் ஏக்கர் நடலாகாது. எட்டு வீடுகள் உறுதியானால் 25 சென்ட் நடலாம். எஞ்சிய நிலத்தில் வழக்கமான பயிர் நிற்கட்டும்.

ஜப்பான் தேசத்தில் 1970-களிலிருந்து நகரத்துக் குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து, குறிப்பிட்ட விவசாயிகளின் விளைபொருளை நேரே வாங்கும் ‘தெய்கெய்’ என்னும் ஏற்பாடு வளர்ந்தது. தமிழ்நாட்டில் 1999 முதல் நடைபெறும் உழவர் சந்தைகளும் விவசாயியையும் உண்பவரையும் நேரே சந்திக்க வைப்பவையே. செட்டிநாட்டில் இதற்கு விசேஷ சௌகரியம் உண்டு. கலியாணத்திற்கும் படைப்புக்கும் ஊர் திரும்பும் குடும்பங்கள், சமையற்காரர்கள், விருந்தினர் விடுதிகள் ஆகியோர் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றனர். அறுவடைக்குப் பின் அவர்களைத் தேடுவதைவிட, ஆடி மாதத்திலேயே கண்டு பேசி அளவை எழுதிக்கொள்வது மேல்.

கவுனியின் கருநிறம் தவிட்டில் உள்ளது. தீட்டினால் நிறமும் போம், விலையும் போம். தவிடு நீங்காத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை பற்றும், வண்டும் விழும். ஆகையால் நெல்லை நன்கு உலர்த்தி நெல்லாகவே காப்பாற்றி, மாதத்திற்கு வேண்டியதை மட்டும் உமி நீக்குக. பெரிய ஆலைகளில் இரண்டு மூட்டை நெல்லைத் தனியே அரைப்பது எளிதன்று. ஐந்தாறு இளைஞர் சேர்ந்து சிறிய இயந்திரம் ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால், ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று பெறும் பங்கேற்பு உத்தரவாத முறையிலும் பதிந்துகொள்ளலாம். சான்று பெறாதவர் பையின்மேல் அதைப் பெற்றவர்போல் அச்சிடுதல், குழுவினர் அனைவருடைய நம்பிக்கையையும் கெடுக்கும்.

நிலவுடைமையாளரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

2015-16-ஆம் வருஷத்து வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர். அதுவும் பல இடங்களில் கூட்டுப் பட்டாவாக, உரியவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்க, தரிசாகக் கிடக்கிறது. வண்டலும் பசுந்தாளும் இட்ட பலன் ஒரே வருஷத்தில் முழுதும் கிட்டாது. அடுத்த போகத்தில் நிலம் கைமாறும் என்னும் அச்சமுள்ளவன் மண்ணுக்குச் செலவிடமாட்டான். ஆகையால் உடைமையாளர் வாய்ப்பேச்சோடு நில்லாமல், ஐந்து வருஷத்திற்குக் குறையாத குத்தகையை எழுத்தில் செய்துகொடுத்தல் இருவருக்கும் நன்மை. கருவேல் மண்டிய நிலத்திலிருந்து எந்த உடைமையாளருக்கும் நெல் அளக்கப்பட்டதில்லை.

கிராம நிர்வாக அதிகாரிகள் வரத்துக்கால் ஆக்கிரமிப்புகளை மழைக்கு முன்பே கணக்கெடுத்து மேலிடத்திற்கு அறிவிப்பதும், பயிரை உரிய காலத்தில் நேரில் பார்த்து அடங்கலில் பதிவதும் பெரும் உதவியாகும். அடங்கலில் பதிவாகாத பயிருக்கு இன்ஷூரன்ஸ் பெறுவது கடினம். பட்டா உட்பிரிவு மனுக்களைத் தாமதமின்றி அனுப்பினால், மானியங்களுக்கு மனுச் செய்யும் இளைஞர் வெறுங்கையோடு திரும்பார்.

யோசனை கேட்க இவ்வட்டாரத்திலேயே இடங்கள் உண்டு. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் வறட்சி நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் அரசாங்க வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. மண் பரிசோதனைக்கும் விதை விஷயத்திற்கும் விவசாயிகள் அங்குச் சென்று கேட்கத் தயங்கலாகாது.

சித்திரையில் வண்டலுக்கு மனு, வைகாசியில் கொழுஞ்சி, ஆடியில் வாங்குவோர் பட்டியல், ஆவணியில் நாற்று என்னும் வரிசையை ஒரு வருஷம் தவறாமல் பின்பற்றி, 25 சென்ட் நிலத்தில் வரவு செலவை எழுதிப் பார்ப்பாராக. அக்கணக்கு இலாபம் காட்டுமாயின் மறு வருஷம் பரப்பைப் பெருக்கலாம். காட்டாவிடின் குறை நீரிலா, விதையிலா, விற்பனையிலா என்பதை அதே கணக்கு தெரிவிக்கும். பெற்றோர் தம் மகனை ஊரில் நிறுத்துவதா வெளியூருக்கு அனுப்புவதா என்று யோசிக்கும்போது, அந்தக் கணக்குப் புத்தகத்தை முதலில் பார்ப்பார்களாக.