கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள்

கையை ஒடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "வளையலைக் கழற்றும்மா" என்பதுதான். வலியில் துடிக்கிறவரிடம் வளையலைப் பற்றிப் பேசுகிறானே என்று கூட வந்தவர்கள் கோபப்படுவார்கள். ஆனால் ஒரு மணி நேரம் தாமதித்தால் வீக்கம் ஏறி, மோதிரமும் வளையலும் சதைக்குள் புதைந்துவிடும். தாலி கட்டிய அன்று போட்ட மோதிரத்தைக் கத்தரிக்க வேண்டாம் என்று கெஞ்சி அழுதவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட உடனே, ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே, சோப்பு நுரை தடவிக் கழற்றிவிடுங்கள்.

அரசு மருத்துவமனை ஒன்றின் மாவுக்கட்டு அறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜிப்சத்தைச் சுட்டு அரைத்தால் கிடைப்பதுதான் அந்த மாவு. அதைத் துணியில் தேய்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நனைத்துச் சுற்றலாம் என்ற முறையை 1852-இல் எழுதி வெளியிட்டவர் அந்தோனியஸ் மாத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். இன்றும் வேலை ஏறக்குறைய அதேதான். சுருளை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி குமிழியாக வரும். குமிழி நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, பஞ்சு சுற்றிய கையின்மேல் வழித்துவிட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். இறுகும்போது கட்டு சூடாகும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் அலறிவிடுவார்கள். சில நிமிடங்களில் கல்லாகிவிட்டது போலத் தோன்றினாலும், உள்ளே ஈரம் முழுக்கக் காய இரண்டு நாள் ஆகும். அதுவரை கட்டின்மேல் எடை விழக் கூடாது.

"சார், உங்க கட்டுல எலும்பு கூடிருச்சு" என்று நன்றி சொல்வார்கள். எலும்பு தானாகத்தான் கூடுகிறது. உடைந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற பாலம் ஒன்று உருவாகும். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும். மணிக்கட்டுக்கு ஆறு வாரம் போலப் பிடிக்கும். பெரியவர்களின் தொடை எலும்புக்கு மூன்று நான்கு மாதம், சில சமயம் அதற்கும் மேல். புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் இழுக்கும். பிள்ளைகளின் எலும்பு விஷயமே வேறு. முருங்கைக் கிளை படக்கென்று முறியும். பச்சை வேப்பங்குச்சியோ ஒரு பக்கம் நார் விட்டு வளைந்து நிற்கும். பிள்ளைகளின் எலும்பு அந்த வேப்பங்குச்சி மாதிரி. சீக்கிரமும் கூடிவிடும். முனைகள் விலகாமல் நேராகப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே கட்டின் வேலை. கட்டால் பிடித்து வைக்க முடியாத இடத்தில்தான் பிளேட்டும் ஆணியும் வருகின்றன.

கட்டு போட்டபின் நான் கறாராகச் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: விரல்களைப் பாருங்கள். அதற்காகத்தான் நுனியை மூடாமல் விட்டிருக்கிறோம். விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, விரலை லேசாக நீட்டிவிட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, நடுராத்திரியானாலும் திரும்பி வந்துவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீக்கம் வரும் என்று தெரிந்துதான் முதல் நாள் முழுக்கட்டு போடாமல், ஒரு பக்கம் மட்டும் ஸ்லாப் வைத்து அனுப்புகிறோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஒரு பையன். ஒன்பது வயது. கொடுக்காப்புளி பறிக்க ஏறி விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தது. கைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய் அந்த இடத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. வீட்டார் பக்கத்து ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். புத்தூர் கட்டின் புகழ் தெரியாதவர் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கைப்பழக்கம் உள்ள வைத்தியர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று கட்டிய கட்டு இறுக்கம். ராத்திரியெல்லாம் பையன் கதறியிருக்கிறான்; எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று தூங்க வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது அழுகை நின்றிருந்தது. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கிடந்தன. ஆறு மணி நேரம் போல ரத்தம் போகாவிட்டால் தசை செத்துப்போகத் தொடங்கும். எலும்பு அவனுக்கு அழகாகக் கூடியது. கை விரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொருவர் விரலையும் நானே தொட்டுப் பார்க்காமல் அனுப்பியதில்லை. ஆனால் விரலைப் பார்த்த நான் ஆளைப் பார்க்காமல் விட்டேன். அந்த ஆள் என் அம்மா.

அம்மாவுக்கு அப்போது 63 வயது. வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. நான்தான் கட்டு போட்டேன். ஆறு வாரத்தில் கூடியது. "என் மகன் போட்ட கட்டு" என்று தெருவெல்லாம் காட்டினாள். நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், உள்ளே எலும்பு தேய்ந்து மெலிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வேகமாக நடக்கும், வலியே காட்டாது. ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் மாத்திரை தொடங்கியிருக்கலாம். நான் கட்டைப் பிரித்தேன், கையை மடக்கி நீட்டச் சொன்னேன், அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பதினொரு வருடம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்தாள். ஈரமான கால்மிதி, விளக்கில்லாத நிலைப்படி. "ஒண்ணுமில்லடா, சுளுக்குதான். எண்ணெய் போட்டு நீவிவிடு" என்றாள். வலது கால் இடது காலைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீவவில்லை, உட்கார வைக்கவில்லை, காபி கொடுக்கவில்லை. ஆபரேஷன் என்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துச் சேர்த்துக் கட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினேன்.

தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, படுக்கையிலேயே கிடக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். படுக்கையில் கிடந்தால்தான் ஆபத்து. முதுகில் புண், நெஞ்சில் சளி, கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி விடுவதுதான் நல்லது. அப்படியே செய்தார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைத்தாள்.

இப்போது குளியலறைச் சுவரில் கைப்பிடி இருக்கிறது. ராத்திரி விளக்கு எரிகிறது. கால்மிதியை எடுத்துவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. டாக்டர் எழுதித் தந்த எலும்பு மாத்திரை வாரம் ஒன்று. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். அதுவரை காபியும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா திண்ணையில் வெயில் பட உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் இருப்பேன். உள்ளே டிகாக்‌ஷன் இறங்கும் வாசம் வரும்.

"ஆச்சாடா அரைமணி?"

"இன்னும் பத்து நிமிஷம்மா."